வரிசையைத் தாண்டும் விலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. ஒவ்வொரு லீவு முடிந்ததும் மகளின் வகுப்பில் யாராவது ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போன கதையோடு வருகிறார்கள். "நாம எப்பப்பா?" என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். நால்வருக்கு நான்கு நாள் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கணக்குப் போட்டால் ஆறாயிரம் டாலரைத் தாண்டுகிறது. பத்து வயதானால் பெரியவர் டிக்கெட் வேறு. கிரெடிட் கார்டில் போட்டு இந்த டிசம்பரிலேயே போய்விடலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள். மற்ற அப்பாக்களால் முடிவது நமக்கு முடியவில்லையே என்று இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கடனில் போக வேண்டாம், டிசம்பரில் வேண்டவே வேண்டாம். பத்து வயதை நினைத்துப் பதற வேண்டியதும் இல்லை. அங்கே சிறுவர் டிக்கெட்டுக்கும் பெரியவர் டிக்கெட்டுக்கும் நாளொன்றுக்குச் சில டாலர்தான் வித்தியாசம். கார்டு வட்டி அதை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

"நமக்கு முடியவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது. குறை உங்களிடம் இல்லை, அந்த விலையில்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் தன் மகள்கள் குடைராட்டினம் சுற்ற, பெஞ்சில் வேர்க்கடலை தின்றபடி காத்திருந்தபோதுதான் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொன்னார். 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்த அக்டோபரில் நுழைவும் எட்டு சவாரியும் சேர்ந்த சீட்டுப் புத்தகம் 2.50 டாலர். அப்போது அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். மூன்றரை மணி நேரம்கூட உழைக்க வேண்டாம், பூங்காவில் ஒரு நாளுக்கான சீட்டு கையில் வந்துவிடும். 2025 கிறிஸ்துமஸ் சமயம் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் ஒரு நாள் டிக்கெட் 199 டாலர். அந்த மாநிலத்தின் அப்போதைய குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 14 டாலரில் பதினாலு மணி நேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். அதுவும் ஒருவருக்கு.

ஆனால் விலையைவிட எனக்கு மனது வலிப்பது வரிசையைப் பற்றித்தான். 2010ல் மகன் எங்களை டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போனான். அப்போது ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று இருந்தது. டிக்கெட்டை இயந்திரத்தில் நுழைத்தால் "இத்தனை மணிக்கு வா" என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். அந்த நேரத்துக்குப் போனால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். தனிக் காசு கிடையாது. கோடீஸ்வரன் பிள்ளைக்கும் அதே சீட்டு, பேரனுக்கும் அதே சீட்டு. 1999ல் தொடங்கிய அந்த முறை போய், 2021ல் அதற்கே பணம் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். 2024 இறுதியில், நேரம் குறிக்காமலேயே வரிசையைத் தாண்ட விடும் பிரீமியர் பாஸ் வந்தது; அப்போது அதற்கு, டிக்கெட் போக, பூங்காவையும் நாளையும் பொறுத்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 129 முதல் 449 டாலர் வரை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த விலைதான் வழி என்று சிலர் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு விலை, சாதாரண நாளுக்கு ஒரு விலை என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் உள்ளே வந்துவிட்ட இரண்டு பிள்ளைகளில் ஒன்று வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க, இன்னொன்று பக்கத்து வழியில் நடந்து போவதை எப்படி ஒத்துக்கொள்வது? சிறப்பு தரிசனம் பார்த்துப் பழகிய நமக்கே அது உறுத்துகிறது. 2024 நிதியாண்டில் டிஸ்னி நிறுவனத்தின் இயக்க லாபத்தில் பாதிக்கும் மேல் தந்தது பூங்காக்களும் கப்பல்களும் சேர்ந்த பிரிவு. அந்த நிறுவனத்தின் கேபிள் டிவி வருமானம் தேய்கிற காலத்தில் அந்தச் சுமை நம் பிள்ளைகளின் லீவு மேல் வந்து விழுகிறது.

சரி, மகளிடம் என்ன சொல்வது? கணக்கை அப்படியே காட்டுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும். அப்புறம், நான்கு நாள் வேண்டாம், ஒரே பூங்கா, ஒரே நாள் என்று முடிவெடுத்து, டிக்கெட் மலிவான ஒரு வார நாளுக்குச் சேமியுங்கள். அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போய்விடலாம். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்தால், மேஜிக் கிங்டமுக்கு எதிரே ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் படகுத்துறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வாணவேடிக்கை உள்ள இரவானால் கோட்டைக்கு மேலே வெடிப்பது அங்கிருந்தே தெரியும். அதற்கு நுழைவு டிக்கெட் வேண்டாம். நாங்களும் அங்கே நின்றுதான் பார்த்தோம், பேரன் என் தோளில் இருந்தான்.