கம்பஸுக்கு ஒரு நிதியம்: கேட்டவையும் என் பதிலும்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடை நிதியத்தில் பல வருடம் கணக்கு வேலை பார்த்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்பியிருக்கிறேன். பம்பைமடுவில் படித்து வெளியேறிய சிலர் தாங்கள் படித்த இடத்துக்கு ஒரு நிதியம் தொடங்க நினைக்கிறார்கள். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நிற்கிற இடம் அது. அவர்களும் வேறு சிலரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் கீழே.

குருமன்காட்டிலிருந்து ஒரு தம்பி: அரசாங்கம்தானே பல்கலைக்கழகத்தை நடத்துகிறது. தனியாக ஒரு நிதியம் எதற்கு அக்கா?

அரசின் காசு சம்பளம், மின்சாரம், கட்டடம் என்று முன்கூட்டியே பங்கு பிரிக்கப்பட்டு வருகிறது. பல்கலைக்கழகச் செலவுக்குப் பேரவையின் அனுமதி வேண்டும், கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பார்ப்பார். பொதுக் காசுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தகப்பனை இழந்த ஒரு பிள்ளைக்கு இந்த மாத அறை வாடகை வேண்டுமென்றால் அந்த வழியால் உடனே கிடைக்காது. அதனால்தான் வெளிநாடுகளில் பல பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்திலேயே, ஆனால் சட்டப்படி வேறாக, ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அதற்குத் தனி நிர்வாக சபை, தனி வங்கிக் கணக்கு.

இலங்கையில் நம்பிக்கைப் பொறுப்பாகவும் (டிரஸ்ட்) தொடங்கலாம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட, அதாவது பங்குகள் இல்லாத கம்பனியாகவும் பதியலாம். என் விருப்பம் இரண்டாவது. தொடங்கியவர்கள் நாடு மாறினாலும் கம்பனி நிற்கும். சபையில் பல்கலைக்கழகத்தின் ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், பெரும்பான்மை மட்டும் வெளியில் இருக்கட்டும்.

கிளிநொச்சியிலிருந்து: சேர்ந்த காசை முதலிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன? ஏன் அசலைத் தொடக்கூடாது என்கிறார்கள்?

நீங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது லேசாகப் பிடிபடும். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைக்கிறார்கள் அல்லவா? குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து இந்த முறை இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடம் ஏக்கரும் குறையும். எவ்வளவு சண்டை வந்தாலும் துருசைத் திறந்து முழுவதையும் விட்டுவிட மாட்டார்கள்.

அசலைத் தொடாமல் வைத்திருக்கிற நிரந்தர நிதியும் அப்படித்தான். கடந்த 3 வருடச் சராசரிப் பெறுமதியை எடுத்து, அதில் 4 முதல் 5 வீதம் மட்டும் அந்த வருடம் செலவழிப்பது பெரிய பல்கலைக்கழகங்களின் வழக்கம். சராசரி எடுப்பதால் சந்தை விழுந்த வருடத்தில் பிள்ளைகளின் உதவித்தொகை திடீரென்று பாதியாகாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபா என்றால் வருடம் 1,20,000. 4 வீதத்தில் அதை எடுக்க 30 லட்சம் ரூபா அசல் வேண்டும். ஒரு பிள்ளைக்கு 30 லட்சம்! கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை படித்து முடித்த பிறகு அதே 30 லட்சம் அடுத்த பிள்ளைக்கு நிற்கும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கான நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, 60 லட்சம் அமெரிக்க டொலர், டொரொன்டோவில் 30 லட்சம் கனேடிய டொலர் சேர்த்தது இதற்காகத்தான். நம்மவர்கள் ஏற்கெனவே செய்து காட்டிய வேலை இது.

வவுனியா நகரிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: நிலையான வைப்பில் போட்டால் போதாதா?

பாதுகாப்பு என்று பார்த்தால் சரி. ஆனால் 2022ஐ நீங்கள் கவுன்டருக்குள் இருந்தே பார்த்திருப்பீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 10 லட்சம் ரூபா வைப்பு கிட்டத்தட்ட 5,000 டொலர் பெறுமதியிலிருந்து 2,800க்கு இறங்கியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதம் குறையவில்லை, பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டில் குறைந்தது.

ஆகவே வட்டி முழுவதையும் செலவழிக்காதீர்கள். 8 வீதம் வந்தால் பாதியை அசலோடு சேருங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போடாமல் அரசாங்கம் கடன் வாங்க விற்கிற திறைசேரி முறிகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பங்குச் சந்தை பற்றி நிதி பெருத்த பிறகு யோசிக்கலாம்.

மாங்குளத்திலிருந்து: கொடுப்பவர் நிபந்தனை போட்டால் ஏற்கலாமா?

இதில்தான் நான் பார்த்த பெரிய வலி இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் தாயின் நினைவாகப் பணம் கொடுத்தார். அவருடைய ஊரில் பிறந்த, ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படிக்கிற பெண்பிள்ளைக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஆறு வருடம் அப்படி ஒரு பிள்ளை வரவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தக் கோப்பைத் திறப்பேன், மீதி கூடியிருக்கும், விண்ணப்பம் இருக்காது. பக்கத்து மேசையில் காசில்லாமல் படிப்பை நிறுத்தப்போகிற பிள்ளைகளின் கடிதங்கள் கிடக்கும். எழுதியதை மீறி ஒரு பென்ஸும் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது, அது கொடுத்தவரின் சொல்.

ஆகவே சொல்லை வாங்கும்போதே கவனமாக வாங்குங்கள். "முதலில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு, அந்த வருடம் யாரும் இல்லையென்றால் தேவையுள்ள வேறு பிள்ளைக்கு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் பேசிப்பார்த்த எவரும் அதற்கு மறுத்ததில்லை.

லண்டனிலிருந்து ஒரு பழைய மாணவர்: உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம்) அனுப்பினால் நல்ல ரேட் கிடைக்கும், அனுப்பட்டுமா?

வேண்டாம் தம்பி. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத காசு முழுக் கணக்கையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும். அங்கே பதிவான ஒரு தொண்டு அமைப்புக்கு ஊடாகக் கொடுங்கள். நீங்கள் வரி கட்டுபவராக இருந்தால் 'கிஃப்ட் எய்ட்' முறையில் ஒவ்வொரு பவுண்ஸுக்கும் 25 பென்ஸை அந்த அமைப்பு அரசிடமிருந்து கேட்டுப் பெறலாம். எந்த உண்டியல் ரேட்டும் இதற்குக் கிட்ட வராது.

நெடுங்கேணியிலிருந்து ஒரு அம்மா: என் வீட்டுக்காரருடைய பெயரில் 3 ஏக்கர் வயல் இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாமா?

அம்மா, முதலில் அது உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று பாருங்கள். வன்னியில் நிறைய வயல்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. பெர்மிட் என்றால் காணியை நீங்களே வைத்துக்கொண்டு, போகத்துக்கு இரண்டு மூட்டை நெல்லின் காசை ஐயாவின் பெயரில் தாருங்கள். அது எங்களுக்கு நிறைவு.

செட்டிகுளத்திலிருந்து: சனத்திடம் எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறது.

நம்முடைய சனம் கொடுக்கத் தெரிந்த சனம். திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் சிறுவர் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுக்கிறார்கள். அந்த நாளிலேயே, இறந்தவரின் பெயரில் ஒரு பிள்ளையின் ஒரு மாதப் படிப்பு என்று கேளுங்கள். பெருந்தொகை கேட்க ஆரம்பிக்காதீர்கள். கொடுத்தவருக்கு ஒரு கிழமைக்குள் பற்றுச்சீட்டு, வருட முடிவில் அந்தப் பிள்ளை கையால் எழுதிய கடிதம். இரண்டாவது வருடம் நீங்கள் கேட்கும் முன்பே பலர் அனுப்புவார்கள்.

நிர்வாகச் செலவு எடுக்கலாமா?

எடுக்கலாம். பல அறக்கட்டளைகள் நிதியில் வருடம் 1 முதல் 2 வீதம் எடுக்கின்றன. எத்தனை வீதம் என்பதைக் காசை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, முதலில் கேட்ட தம்பியே: எங்கள் 14 பேரிடம் 3 லட்சம் இருக்கிறது. இதை வைத்துத் தொடங்கலாமா?

தொடங்குங்கள். ஆனால் 3 லட்சத்தை நிரந்தர நிதி என்று பூட்டி வைத்தால் வருடம் 12,000தான் வெளியே வரும். இதில் 2 லட்சத்தை இந்த வருடமே அவசர உதவிக்கு வையுங்கள், 1 லட்சத்தை அசலாகப் போடுங்கள். காசோலைக்கு மூவரில் இருவர் கையெழுத்து. வங்கிக்குப் போகுமுன் இலக்கம் அடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை அச்சடியுங்கள், அதில் "எதற்காக" என்று ஒரு கோடு விட்டிருக்கட்டும். முதல் 14 சீட்டையும் உங்களுக்கு நீங்களே எழுதுங்கள்.