குவாய் பாலத்தில் நம் ஆட்கள்

கேள்வி: பழைய போர்ப் படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து வருகிறேன். 'சார்ஜென்ட் யார்க்', 'டு ஹெல் அண்ட் பேக்', 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எல்லாமே நிஜ வீரர்களின் கதைகள். அதிலும் குவாய் கர்னலை மறக்க முடியவில்லை. ஆனால், "அந்தச் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறான் என் மகன். என்ன சொல்வது?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: மகனிடம் அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் இந்த மூன்று படங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆல்வின் யார்க் பல வருடம் மறுத்துவிட்டுத்தான் படத்துக்குச் சம்மதித்தார். 1941-இல் அது வெளிவந்தபோது உயிரோடு இருந்தார். 'டு ஹெல் அண்ட் பேக்' கதையின் நிஜ வீரர் ஆடி மர்ஃபி, 1955-இல் தன் வேடத்தில் தானே நடித்தார். குவாய் அப்படியல்ல. நீங்கள் மறக்க முடியாமல் தவிக்கும் கர்னல் நிக்கல்சன் ஒரு நாவலில் பிறந்தவர்.

நிஜப் பாலம் கட்டிய முகாமில், ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட போர்க்கைதிகளுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி. படத்துக் கர்னல் எதிரிக்கு உறுதியான பாலம் கட்டித் தருவதில் பெருமைப்படுகிறார். டூசியின் ஆட்களோ கரையான் பிடித்து வந்து மரத்தூண்களில் விட்டார்கள், காங்கிரீட்டை வேண்டுமென்றே கெடுத்துக் கலந்தார்கள். படத்தில் கொடுமைக்கார முகாம் அதிகாரிக்கு சைட்டோ என்று பெயர். நிஜ முகாமிலும் ஒரு சைட்டோ இருந்தார். போர் முடிந்ததும் அவருக்காகப் பரிந்து பேசியவரே டூசிதான். டூசி 1975-இல் இறந்தார். 1984-இல் அந்த சைட்டோ இங்கிலாந்து வரை போய் அவர் கல்லறை முன் நின்றார். இதை விட்டுவிட்டா வேறு கதை எடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டூசிக்குக் கீழே இருந்த கைதிகள் அதைப் பார்த்துக் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் மகனுக்கு. தம்பி, அந்தப் பாலம் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பான்காரர்கள் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், சுமார் 12,000 பேர் செத்தார்கள். இவர்களைப் பற்றித்தான் படம். இவர்கள் தவிர பர்மா, மலேயா, ஜாவாவிலிருந்து கொண்டுபோன கூலிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம். மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல். அதில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் போன நம் சீமைக் குடும்பங்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தன. சில ஊர்களில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றியதாகப் பதிவு இருக்கிறது. படம் பார்க்கப் போனவர்கள் தம்பி, வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

1943 மழையில் காலரா வந்தது. சிப்பாய்களுக்குச் சொந்த டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்ட அதிகாரிகள் இருந்தார்கள், யார் எங்கே செத்தார் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது. கூலி லயத்தில் இதில் ஒன்றும் கிடையாது. அந்தப் பாலம் இருக்கும் காஞ்சனபுரியில் இன்று கைதிகளுக்கு ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களைக் குழியில் மொத்தமாகத் தள்ளினார்கள், எரித்தார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாதவனுக்கு யார் படம் எடுப்பார்கள்?

அந்தப் படத்தை எடுத்ததும் சயாமில் இல்லை, இலங்கையில், கித்துல்கல என்ற இடத்தில். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு அப்போது கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்தவர்கள் நம் மண்டபம் கேம்ப் வழியாகப் போனவர்களின் பிள்ளைகள். அத்தனை பக்கத்தில் வைத்து எடுத்தும், மண் சுமந்த தமிழன் திரையில் வரவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதையே இருக்காது. தோல் காகிதம் மாதிரி மினுமினுக்கும், ஈ உட்கார்ந்தால்கூட அவருக்குத் தெரியாது. "சயாமுல மூங்கி குத்துன புண்ணுடா. கரண்டியக் காச்சிச் சொரண்டுவாய்ங்க, நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுக்குவாய்ங்க" என்பார். சுரண்டியவர் ஒரு வெள்ளைக்காரக் கைதி டாக்டர். கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கவும் கைதிகளில் சிலரை அனுப்பியிருந்தார்கள். குவாய் படத்தை நான் முதலில் பார்த்த வருடம் அந்தத் தாத்தா உயிரோடுதான் இருந்தார். இரண்டும் ஒரே பாதை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் எந்தத் தோட்டம், கூடப் போனவர்கள் எத்தனை பேர், எதையும் கேட்டு வைக்கவில்லை.

நீங்கள் கேட்டு வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊரில் மலேயா போய் வந்த வீடுகளில் விசாரியுங்கள். கப்பல் சீட்டு, கடிதம், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய போட்டோ, எது கிடைத்தாலும் நகலெடுத்து அனுப்புங்கள். பெயர், ஊர், தோட்டம் மூன்றும் தெரிந்தால் போதும். அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறோம்.