மகள் தொழிலாளர் மேலாண்மை படிக்க விரும்புகிறாள், அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணிகவியலில் நல்ல மதிப்பெண் பெற்ற தங்கள் மகள் பி.காம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ. சேர விரும்புவதாகவும், "ஸ்டிரைக், சங்கம், வழக்கு என்று அலைகிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று வீட்டில் எல்லோரும் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுக்கும் முன், இந்தப் படிப்புக்கு ஏன் தேவை வந்தது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. அதற்குப் பெரம்பூர் ஆலைகளின் கதையே போதும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் அங்கே எழுந்தன. பருவத்தையும் பொழுதையும் பார்த்து வயலிலும் தறியிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், சங்கு ஊதும் நேரத்துக்கு ஆலை வாயிலில் நிற்க வேண்டியவர்களானார்கள். வேலையில் சேர்வதும் நிலைப்பதும் பெரும்பாலும் மேஸ்திரியின் தயவில் இருந்தன. நிலமோ தறியோ இல்லாமல் கூலியை மட்டுமே நம்பி வாழும் 'மில் தொழிலாளி' என்னும் புதிய வகுப்பு சென்னையில் இப்படித்தான் உருவானது. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி என்றுதான் வரையறுத்தது என்றால், அதற்கு முந்தைய நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

மதிய உணவுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது அத்தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. அவர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஹோம் ரூல் இயக்கத் தலைவர்களில் ஒருவரான பி.பி. வாடியாவை நாடினார்கள், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது.

தங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டியது அதே ஆலைகளில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தைத்தான். ஒரே கூரையின் கீழ் ஒரே சங்கொலிக்கு உழைத்தவர்கள், ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் பணிக்குத் திரும்பியபோது சாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆலை புதிய வகுப்பை உருவாக்கியதே தவிர, பழைய பிரிவுகளைக் கரைத்துவிடவில்லை. கூலிக் கணக்கோடு மனிதர்களையும் புரிந்துகொண்டு இடையில் நின்று பேசத் தெரிந்தவர்கள் அன்று மிகக் குறைவாகவே இருந்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

அந்த இடத்தைப் பிற்காலத்தில் சட்டமே ஏற்படுத்தித் தந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. இன்று 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் 4 தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டிருக்கும் நிலையில், அவற்றைப் படித்து விளக்கக்கூடியவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் ஆகிய ஊர்களில் தேவைப்படுகிறார்கள். தங்கள் மகள் பெற்றிருக்கும் வணிகவியல் அறிவும் வீணாகாது. ஊதியப் பட்டியலும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் இத்துறையின் அன்றாட வேலைகள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றவுடன் பெரிய சம்பளம் கிடைக்காது. தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டோடும் விடுப்பு விண்ணப்பங்களோடும் சில ஆண்டுகள் போகும். மேலே உயர முதுகலைப் படிப்பு தேவைப்படும். அரசுப் பணியே வேண்டுமென்றால், குரூப் 2 தேர்வின் வழியாகத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆகலாம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருகிவிட்டதால், கல்லூரிக் காலத்திலேயே பேச்சு இந்தியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இந்தப் பட்டப்படிப்பை நடத்துகிறது. கட்டணம் செலுத்தும் முன், தங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் அனுமதி பெற்று, மகளை ஒரு முழு ஷிப்ட் அங்கே உட்கார்ந்து பார்க்கச் செய்யுங்கள். அன்று மாலை அவள் என்ன சொல்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடத்திட்டம் என்பதை அதன் பிறகு சேர்ந்து பேசுவோம்.