முதல் உலகப்போர் அகழி வரைபடங்களில் உள்ள பிரெஞ்சுச் சொற்களையும் குறுக்கங்களையும் எப்படிப் புரிந்துகொள்வது?

பிரிட்டிஷ் ராணுவம் அச்சிட்ட வரைபடங்களிலேயே இத்தனை பிரெஞ்சு ஏன் என்பதில் தொடங்கினால் பாதி தெளிந்துவிடும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முன்பே இருந்த நில வரைபடங்களின் மேல்தான் அகழிகளையும் முள்கம்பி வேலியையும் ஏற்றினார்கள். அடியில் இருக்கும் பண்ணை, ஆலை, கோயில் பெயர்கள் எல்லாம் போருக்கு முந்தைய ஊருடையவை.

குறுக்கும் முறை எளிது. சொல்லின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவார்கள். வால் எழுத்துகள் சற்றே மேலே தூக்கி, சிறிதாக இருக்கும். எஃப் எழுத்துக்குப் பின் சிறிய எம்.ஈ. இருந்தால் ஃபெர்ம், அதாவது பண்ணை வீடு. எம்முக்குப் பின் ஐ.என். என்றால் மூலான், மாவரைக்கும் காற்றாலை அல்லது நீராலை. சி.எச். பின்னால் ஏ.யூ. என்றால் ஷாத்தோ, பெரிய மாளிகை. ஐ.ஈ. என்று முடிந்தால் பெரும்பாலும் ஒரு தொழிற்கூடம்: சுக்ரெரி பீட்ரூட் சர்க்கரை ஆலை, பிரிக்கெத்ரி செங்கல் சூளை, பிராசெரி பீர் வடிக்கும் இடம்.

இந்தத் தொழிற்கூடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த வயல்வெளியில் கெட்டியான சுவரோடு நிற்பவை அவைதான். அதனால் சண்டையும் அங்கேதான் குவிந்தது. 1916 ஜூலை 1 அன்று வட பிரான்சின் சோம் போர்க்களத்தில், மோந்தோபான் ஊருக்கு அருகே பிரிட்டிஷார் பிடித்தது ஒரு செங்கல் சூளையை. அதே ஆண்டு செப்டம்பர் 15, டாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கிய நாளில், கூர்சலெத் ஊருக்கு வெளியே கனடாப் படையினர் கைப்பற்றியது ஒரு சர்க்கரை ஆலையை.

தடுமாற வைக்கும் சொற்கள் சில உண்டு. காபரே என்றதும் நமக்கு நடனம்தான் நினைவுக்கு வரும். வரைபடத்தில் அது சாலையோர மதுக்கடை. வட பிரான்சில் சூஷே ஊருக்கு அருகே இருந்த 'காபரே ரூஜ்' அப்படி ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம். இன்று அந்தப் பெயரில் பெரிய போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வட பிரான்சின் லான்ஸ், லோஸ் வட்டாரத்தில் ஃபோஸ் என்ற சொல்லோடு ஓர் எண் வந்தால் அது நிலக்கரிச் சுரங்கம். 1915 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய லோஸ் சண்டையில் ஃபோஸ் 8-க்காக அவ்வளவு உயிர்கள் போனதற்குக் காரணம், பக்கத்தில் இருந்த கழிவு மேடு. சமதளத்தில் அந்த உயரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். அதே பகுதியில் சித்தே என்பது நகரம் அல்ல, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. கோத் என்ற சொல்லோடு எண் வந்தால் மீட்டரில் உயரம். பிரான்சின் வெர்தன் போர்க்களத்தில் இருந்த 'கோத் 304' என்ற குன்று அப்படித்தான் பெயர் பெற்றது. ஏ.பி.ஆர். என்ற குறுக்கம் அப்ரவுவார், கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் இடம். இதைப் பதுங்கிடத்தைக் குறிக்கும் அப்ரி என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெயர் அச்சில் இருப்பதாலேயே கட்டடமும் நின்றது என்று நம்பிவிடாதீர்கள். 1916 ஆகஸ்டில் ஆஸ்திரேலியர்கள் பொசியேர் காற்றாலையைப் பிடித்தபோது அங்கே எஞ்சியது இடிபாட்டு மேடுதான். என்னைப் பொறுத்தவரை இந்த வரைபடங்களில் மிகவும் வலிப்பது இதுதான்: பண்ணையும் மதுக்கடையும் பெயரளவில் தாளில் தங்கிவிட்டன.

பிரெஞ்சு ராணுவத்தின் சொந்த வரைபடங்களில் திரான்ஷே என்பது முன்னணி அகழி. புவாயோ என்பது பின்னாலிருந்து அதற்குப் போய்வரும் இணைப்பு அகழி.

நிறத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பிரெஞ்சுத் தாள்களில் எதிரியின் அகழி நீலம், தங்களுடையது சிவப்பு. பிரிட்டிஷ் தாள்களில் நேர்மாறாக ஜெர்மன் அகழி சிவப்பு. 1918-இல்தான் பிரெஞ்சு வழக்கத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். அதனால் எந்தத் தாளை எடுத்தாலும், 'இந்தத் தேதிவரை திருத்தப்பட்டது' என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வரியை முதலில் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் அகழி வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பெரிதாக்கினால் அந்தச் சிறிய வால் எழுத்துகளும் தெளிவாகத் தெரியும்.