மேம்படுத்தினால் விடை மாறுகிறது: கம்பைலர் மீது பழி போடலாமா?

கேள்வி: என் ஹாஸ்கெல் நிரல் கம்பைலரின் மேம்படுத்தல் (ஆப்டிமைசேஷன்) இல்லாமல் சரியாக ஓடுகிறது. மேம்படுத்தலை இயக்கினால் விடை தப்பாக வருகிறது. இது ஜிஎச்சி கம்பைலரின் வழுவாக இருக்குமா? அதை எப்படி உறுதிசெய்வது, எப்படிப் புகார் செய்வது?

இதே அறிகுறியோடு நான் மூன்று நாள் அலைந்திருக்கிறேன். நிரலில் இரண்டு உலகளாவிய எண்ணிகள் வைத்திருந்தேன். ஏற்கப்பட்ட பதிவுகளுக்கு ஒன்று, நிராகரிக்கப்பட்டவற்றுக்கு ஒன்று. மேம்படுத்தாமல் ஓட்டினால் 412, 9 என்று வரும். மேம்படுத்தினால் இரண்டுமே 421. "கடுமையான வழு" என்று தலைப்பிட்டுப் புகாரைப் பாதி எழுதியும்விட்டேன். 412-உம் 9-உம் சேர்ந்தால் 421 என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. அப்படியானால் இரண்டு எண்ணிகளும் ஒரே பெட்டியில் எழுதுகின்றன!

காரணம் நான்தான். இரண்டையும், பக்கவிளைவு உள்ள செயலைத் தூய மதிப்பாகக் காட்டும் அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ கொண்டு, பூஜ்யத்தில் தொடங்கும் புதிய ஐஓரெஃப் (மாற்றக்கூடிய மதிப்புப் பெட்டி) என்று எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி அறிவித்திருந்தேன். பக்கவிளைவு இல்லாத தூய மொழியில் ஒரே கோவைக்கு (எக்ஸ்பிரஷன்) ஒரே மதிப்புதான். எனவே கம்பைலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அதன் நியாயப்படி அது சரி. அப்படி எழுதுபவர், வரையறையைப் பயன்படும் இடத்தில் விரித்து ஒட்டாதே (இன்லைன் செய்யாதே) என்று சொல்லும் நோஇன்லைன் குறிப்பைச் சேர்க்க வேண்டும், பொதுக்கோவைகளை ஒன்றாக்கும் கட்டத்தையும் அணைக்க வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. பெயரிலேயே "அன்சேஃப்" என்று எச்சரித்திருந்தும் படிக்காதவன் நான்.

நம் இலக்கணக்காரர்கள் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாகப் பிரித்தார்கள் அல்லவா? கம்பைலர் விஷயத்தில் மூன்றாவதுதான், அதாவது வழுப்போலத் தெரிந்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான், ஆளை ஏமாற்றும். 1.0 முதல் 3.5 வரை என்று ஹாஸ்கெலில் வரிசை கேட்டுப் பாருங்கள்: 1.0, 2.0, 3.0, 4.0 என்று வரும். 3.5-ஐத் தாண்டி 4.0 எப்படி வந்தது? பின்ன எண்களுக்கு எல்லையோடு அரைப்படி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது மொழி வரையறையிலேயே இருக்கிறது. பிடிக்காமல் போகலாம், ஆனால் வழு அல்ல. இன்னொன்று உங்கள் அறிகுறிக்கு நெருக்கமானது. இரண்டு பக்கமும் பிழை எறியும் ஒரு கூட்டல் இருந்தால், எந்தப் பிழை முதலில் வெளியே வரும் என்பதற்கு மொழி உத்தரவாதம் தருவதில்லை. மேம்படுத்தும்போது மாறலாம். 1999-இல் இதற்கென்றே ஒரு பொருள்வரையறை எழுதப்பட்டது; மேம்படுத்தியின் கைகளைக் கட்டிப்போடக் கூடாது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

அதற்காகக் கம்பைலர் தப்பே செய்யாது என்று நினைக்க வேண்டாம். 2011-இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வகை பொருந்தும் லாம்டா கோவைகளை (பெயரில்லாச் செயற்கூறுகளால் ஆன சிறு நிரல்களை) தாறுமாறாக உருவாக்கி, மேம்படுத்தியும் மேம்படுத்தாமலும் கம்பைல் செய்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஜிஎச்சியில் உண்மையான வழுக்கள் சிக்கின. நீங்கள் தற்செயலாகச் செய்ததை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள், அவ்வளவே.

ஆகவே முதல் வேலை, உங்கள் நிரலிலும் நீங்கள் சேர்த்த லைப்ரரிகளிலும் "அன்சேஃப்" என்ற சொல்லைத் தேடுவது. சி மொழிச் செயற்கூறுகளை அழைக்கும் இடங்களையும் பாருங்கள். பக்கவிளைவு உள்ள ஒன்றைத் தூய செயற்கூறு என்று அறிவித்திருந்தால் கதை முடிந்தது. அடுத்து, பலர் மறந்துவிடும் மறுஎழுத்து விதிகள். "இந்தக் கோவையைக் கண்டால் அந்தக் கோவையாக மாற்று" என்று லைப்ரரி எழுதுபவர் விதி கொடுக்கலாம். இரு பக்கமும் வகை பொருந்துகின்றனவா என்று மட்டுமே ஜிஎச்சி பார்க்கிறது. பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. மேம்படுத்தும்போதுதான் விதிகள் வேலை செய்யும் என்பதால் அறிகுறி அச்சு அசலாக உங்களுடையது போலவே இருக்கும். எந்தெந்த விதி பாய்ந்தது என்று பட்டியலிட "டிடம்ப்-ரூல்-ஃபயரிங்ஸ்" என்ற ஆப்ஷன் இருக்கிறது.

இன்னும் சந்தேகம் மிஞ்சினால், கட்டுமான அடைவைத் துடைத்துவிட்டு முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். துடைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துடைத்ததும் சரியாகிவிட்டால், "எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்" என்ற கணக்கில் கம்பைலர் சறுக்கியிருக்கலாம். அதுவும் புகாருக்கு உரியதே. நகல் இல்லாமல் போனால் சாட்சியை நீங்களே எரித்ததாகிவிடும்.

பிறகு ஜிஎச்சியின் உண்மையான வசதிக்கு வருவோம். நீங்கள் எழுதும் ஹாஸ்கெல் முழுவதும் முதலில் கோர் என்ற சிறிய உள்மொழிக்கு மாறுகிறது. அதன் கோவைகளுக்குப் பத்தே பத்து வடிவங்கள்தான். மேம்படுத்தல்களில் பெரும்பகுதி கோரை வாங்கிக் கோராகவே திருப்பித் தருவது. கோரில் வகைகள் அப்படியே உடன் வருகின்றன என்பதுதான் முக்கியம். "டிகோர்-லின்ட்" ஆப்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் கோரின் வகைகள் மறுபடி சரிபார்க்கப்படும். எந்தக் கட்டத்துக்குப் பின் லின்ட் கத்துகிறதோ, அந்தக் கட்டம் உடைந்த கோரைக் கக்கியிருக்கிறது. அப்போது அது சந்தேகமே இல்லாமல் கம்பைலரின் வழு. உங்கள் நிரலைப் பற்றிய விவாதமே தேவையில்லை.

லின்ட் வாய் திறக்காவிட்டால் வேலை கொஞ்சம் கூடும். வகை பொருந்தியும் பொருள் கெட்டிருக்கலாம். மேம்படுத்தலை வைத்துக்கொண்டே கட்டங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்: பொதுக்கோவை நீக்கம், முழுச் சோம்பல், கண்டிப்புப் பகுப்பாய்வு, மறுஎழுத்து விதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் "எஃப்நோ" என்று தொடங்கும் தனி ஆப்ஷன் உண்டு. ஒன்றை அணைத்ததும் விடை சரியானால் அதுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது இன்னொரு கட்டத்தின் தவறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அப்பாவியாகவும் இருக்கலாம். "இதை அணைத்தால் மறைகிறது" என்று மட்டும் எழுதுங்கள்.

கம்பைலரே விழுந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஜிஎச்சி அப்போது "நடக்க முடியாதது நடந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு செய்தி காட்டி, புகார் செய்யும்படி தானே கேட்டுக்கொள்ளும். உங்கள் நிரல் தப்பாகவே இருந்தாலும் அது வழுதான். தப்பான நிரலை ஒழுங்கான பிழைச்செய்தியோடு திருப்பி அனுப்ப வேண்டியது கம்பைலரின் கடமை. கம்பைல் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் ஆவணத்தில் அறியப்பட்ட வழுக்களின் பட்டியலை முதலில் பாருங்கள். தன்னையே வாங்கும் செயற்கூறைத் தனக்குள் வைத்திருக்கும் தரவு வகை, இன்லைன் செய்யும் பகுதியை முடிவில்லாமல் சுற்றவைக்கும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செயற்கூறுக்கு நோஇன்லைன் போட்டால் தப்பிக்கலாம்.

நிரலைச் சுருக்குவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். வேறொரு ஃபங்ஷனல் மொழியின் கம்பைலரில் (பெயர் வேண்டாம்) ஒருமுறை உண்மையான வழு எனக்குச் சிக்கியது. அப்போது என் கையில் 40 மாட்யூல்கள். பாதியை வெட்டு, வழு இருக்கிறதா என்று பார், இருந்தால் மறுபடி வெட்டு, இல்லாவிட்டால் திருப்பி ஒட்டு. இதைக் கையால் செய்யாமல் ஒரு சிறிய ஸ்கிரிப்டிடம் கொடுத்தேன். முதல் ஸ்கிரிப்ட் "கம்பைலர் தோற்றதா" என்று மட்டும் பார்த்தது. இரண்டு மணி நேரம் கழித்து 6 வரி நிரல் கிடைத்தது. என் மகிழ்ச்சி அதிகம் நீடிக்கவில்லை. அதில் இருந்தது சாதாரண இலக்கணப் பிழை. ஸ்கிரிப்ட் அதே செய்தியைத் தேட வேண்டும், அதே இடத்தைத் தேட வேண்டும். உங்களுக்கு விடை தவறுவதால், மேம்படுத்தாத விடை சரியாகவும் மேம்படுத்திய விடை அதே விதமாகத் தவறியும் வருகிறதா என்று இரண்டையும் பார்க்கவேண்டும்.

லைப்ரரி சார்பு இருந்தால், தேவையான வரையறைகளை மட்டும் உங்கள் கோப்புக்குள் நகலெடுத்து, அடிப்படை லைப்ரரி மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். ஒரே கோப்பில் சேர்த்ததும் வழு மறைந்தால் மிரளாதீர்கள். மாட்யூல் எல்லையைத் தாண்டி இன்லைன் ஆவதாலேயே வரும் வழுக்களும் உண்டு; இரண்டு கோப்புகளாகவே அனுப்புங்கள்.

பதிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎச்சிஅப் கருவியால் நான்கைந்து பதிப்புகளை நிறுவி ஓட்டிப் பாருங்கள். "9.4-இல் சரி, 9.6-இல் தவறு" போன்ற ஒற்றை வரி, பராமரிப்பவர்களுக்கு உங்கள் ஊகங்கள் அனைத்தையும்விடப் பயன்படும். புதிய பதிப்பில் சரியாகியிருந்தால் புகாரே தேவைப்படாமல் போகலாம். ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவில் குற்றவாளியைத் தேட, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கி இருகூறாக்கினால் 10 படி போதும் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஜிஎச்சியையே கட்ட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை.

புகாரில் நிரல், கொடுத்த கட்டளை, வந்த வெளியீடு, எதிர்பார்த்த வெளியீடு, பதிப்பு, இயங்குதளம், செயலி வகை இருக்கட்டும். எல்லாம் எழுத்தாக இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். அதை யாரும் நகலெடுத்து ஓட்ட முடியாது. எதிர்பார்த்த வெளியீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வரியை எழுதும்போதுதான் "ஏன் அப்படி எதிர்பார்த்தேன்" என்று யோசிக்க நேர்கிறது. என் 421 கதையில் அந்த வரியில்தான் பேனா நின்றது.

அந்த இன்னொரு மொழிப் புகார் 11 வரியில் முடிந்தது. எண்ணி நான்கு நாளில் வழு சரிசெய்யப்பட்டு, என் 11 வரிகளும் அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் ஒரு கோப்பாகச் சேர்ந்துவிட்டன. அவசரத்தில் நான் மாறிகளுக்கு வைத்த "அய்யோ", "அய்யய்யோ" என்ற பெயர்களை மட்டும் மாற்றவில்லை.