சிறு தொழில் தொடங்குகிறேன். குறைந்த செலவில் வெப் ஹோஸ்டிங் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெப் ஹோஸ்டிங் என்பது உங்கள் இணையதளத்தின் கோப்புகளை, எந்நேரமும் இணையத்தில் இருக்கும் ஒரு சர்வரில் (கணினியில்) வாடகைக்கு வைப்பது. விலை மலிவான திட்டங்கள் பெரும்பாலும் 'ஷேர்டு ஹோஸ்டிங்'. ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்குபோடுவதால்தான் அந்த விலை. ஒரே குழாயை நம்பியிருக்கும் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் உங்கள் குடம் நிரம்பத் தாமதமாகும். பொருள் பட்டியல், முகவரி, வாட்ஸ்அப் பொத்தான் என்று நாலைந்து பக்கம் போதும் என்றால் இதுவே தாராளம்.

பலர் ஏமாறுவது புதுப்பிப்புக் கட்டணத்தில். விளம்பரத்தில் தெரிவது மூன்று, நான்கு ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் முதல் தவணை விலை. அடுத்த தவணை இரண்டு மூன்று மடங்காகலாம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆகவே புதுப்பிப்பு விலையை வைத்தே ஒப்பிடுங்கள். முதலில் ஓராண்டுக்கு மட்டும் வாங்குவது நல்லது.

'அன்லிமிடெட்' என்றாலும் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். பல சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. பழைய அஞ்சல்கள் குவிந்தே வரம்பு நிறைந்துவிடும். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிப்பணம் தராதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. வாடிக்கையாளர்கள் இந்தியாவில் என்றால், தளம் வேகமாகத் திறக்க மும்பை சர்வரைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை தளத்தின் பேக்கப்பை (நகலை) உங்கள் கணினியிலும் இறக்கி வையுங்கள்.

ஹோஸ்டிங்கை மாற்றினால் இணையதளப் பெயர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். டொமைன் (இணையதளப் பெயர்) வேறு, ஹோஸ்டிங் வேறு, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால் கோப்புகளைப் புது சர்வருக்கு நகர்த்திவிட்டு, அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம்சர்வரை மாற்றினாலே போதும்.