மேனேஜர் சொன்ன ‘ரோர்ட்’

தம்பி, மெல்பர்னில் புதிதாகச் சேர்ந்த வேலையில், ஓவர்டைம் பேச்சு வந்தபோது மேனேஜர் “இட்ஸ் எ ரோர்ட்” என்றாராம். கெட்ட வார்த்தையா, நம்மைத் திருடன் என்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். நாடாளுமன்றத்திலும் பேப்பரிலும் தாராளமாகப் புழங்கும் ஆஸ்திரேலியச் சொல் அது. ‘ர்’ சத்தம் அமுங்கிப்போய், காதில் ‘ரோட்’ என்றுதான் விழும்.

பூட்டை உடைத்துத் திருடுவதை யாரும் ரோர்ட் என்பதில்லை. ஃபாரம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் முறைப்படி நடப்பதுபோல் காட்டி, தனக்குச் சேராததைச் சுருட்டுவதுதான் ரோர்ட். நம்ம தில்லுமுல்லு கிட்டத்தட்ட பொருந்தும். ஆனால் ரோர்ட்டுக்கு ஏமாற ஒரு திட்டமோ விதியோ இருக்க வேண்டும்.

இங்கே எல்லோருக்கும் நினைவிருப்பது 2020-இல் வெடித்த ‘ஸ்போர்ட்ஸ் ரோர்ட்ஸ்’. ஊர் விளையாட்டுச் சங்கங்களுக்கான 10 கோடி டாலர் மானியம், ஆளுங்கட்சி குறிவைத்த தொகுதிகளுக்குச் சாய்ந்திருந்ததைத் தணிக்கை அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. மானியம் கொடுத்தபோது விளையாட்டுத் துறையைப் பார்த்த அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்ஸி பிப்ரவரியில் பதவி விலகினார். மானியம் வாங்கிய ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் தான் உறுப்பினர் என்பதை அவர் தெரிவிக்காததே காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் இருந்தது, ஃபைல் இருந்தது. அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

ரோர்ட்டோடு சேர்த்துக் காதில் விழும் ‘டாட்ஜி’ வேறு, சந்தேகத்துக்கு இடமான ஆள், பழைய காரின் பிரேக், வலிக்கும் முட்டி எல்லாமே டாட்ஜிதான். ‘ஷாங்கி’ தரமில்லாத பொருளுக்கும் வேலைக்கும்.

உங்கள் மேனேஜர் அந்த ஓவர்டைம் ஏற்பாட்டையே குறை சொல்லியிருக்கலாம். “இட்ஸ்” என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அப்படித்தான். “யூ ஆர் ரோர்ட்டிங் இட்” என்றால் கதை வேறு. அது நேரடிக் குற்றச்சாட்டு. உடனே டைம்ஷீட்டை எடுத்து வைத்து, எந்த நாள் என்று கேளுங்கள். அதேபோல, கூட வேலை செய்பவரைப் பார்த்து நீங்கள் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். விளையாட்டுக்குச் சொன்னாலும் சுடும்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், புதிதாக வருபவர்கள் மாட்டுவது இங்கேதான். ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்) போடுவது கம்பெனிக்காரர்கள், யூனிஃபார்ம் அவர்களுடையது, லீவுக்கு அனுமதி கேட்க வேண்டியதும் அவர்களிடம்தான். ஆனால் சம்பளம் என்று வரும்போது மட்டும் “நீ ஏபிஎன் எடுத்து இன்வாய்ஸ் அனுப்பு” என்பார்கள். ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்பவர்கள் வாங்கும் எண். வேலையாளைச் சொந்தத் தொழில்காரர்போல் காட்டும் இதற்கு ஷாம் கான்ட்ராக்டிங் என்று பெயர், சட்டவிரோதம். சூப்பரும் (ஓய்வுக்காலத்துக்காக முதலாளி போடும் பணம்) லீவும் தராமல் தப்பிக்கவே இந்த வேலை. எனக்கு இது ஆறவே ஆறாது, ஏனென்றால் விசா பயத்தில் பாதிப்பேர் வாயைத் திறப்பதில்லை.

உங்களுக்கு அப்படி நடந்தால் வேலை உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் போங்கள். அங்கே ரோர்ட், டாட்ஜி எதுவும் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450-ஐக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால், அவர்களே லைனில் சேர்த்துவிடுவார்கள்.